வீரியம் எடுத்த தூள்

மாஸ்டர் அந்தக் காரியத்தைக் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் உங்களுக்கு அவர்மேல் கோபம் வந்து, மீதிக் கதை காதில் ஏறாது.

மாஸ்டர் என்றால் பள்ளிக்கூடத்து மாஸ்டர் இல்லை, கண்ணுகளா. தையல்கடையில் துணி வெட்டுகிறவர். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்திரியை வைத்தாரென்றால் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஒரே ஓட்டம். நடுவில் தயங்கினால் துணி பிசிறிப்போகும் என்பார். வாழ்க்கையிலும் அப்படித்தான். எதையும் ஒரே வெட்டில் முடித்துப் பழகிய கை.

அவர் மனைவியின் வேலை இன்னும் உசரமானது. பெரிய கட்டடம் எழும்புகிற இடத்தில் ஒற்றைக் காலில் நிற்குமே கோபுரக் கிரேன், அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கும். அதற்குள் உட்கார்ந்து அந்த ராட்சசக் கையை இங்கேயும் அங்கேயும் ஆட்டுகிறவள் அவள்தான். வேலையிடத்தில் எல்லாருக்கும் உசரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அங்கே ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

இருட்டுப் பிரியும்போது ஏணியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். மேலே கழிப்பறை கிடையாது. அதனால் தண்ணீரைக்கூட நாக்கு நனைகிற அளவுக்குத்தான் குடிப்பாள். ஆனால் விடிகாலைக் காப்பியில் மட்டும் பேரம் கிடையாது. பெரிய லோட்டாவில் நுரை தளும்ப ஒன்று; அது தொண்டையைவிட்டு இறங்குவதற்குள் இன்னொன்று. அது உள்ளே போய், ஊர்சுற்றி, வெளியேறுவதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்கித்தான் எழுந்திருப்பாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க ஒரு சொட்டு கிடையாது. வேலையிடத்து கேன்டீன் காப்பியை, பாத்திரம் கழுவின தண்ணீர் என்று ஒதுக்கிவைத்திருந்தாள்.

காப்பி போடுவது மாஸ்டர். அடுப்படியில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று குடிக்கிற அந்தச் சிறு பொழுதுதான் அவர்களுடைய குடும்பம் என்று சொல்ல வேண்டும். அப்புறம் அவள் வானத்துக்கு, அவர் மேசைக்கு. சாயங்காலம் பார்த்துக்கொள்ளும்போது இரண்டு பேருக்கும் பேசத் தெம்பிருக்காது. வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றி, வீட்டுக்காரர் ஏற்றப்போகும் வாடகையைப் பற்றி, யார் தும்மினார் யார் இருமினார் என்பது வரை, பேச்செல்லாம் அந்த லோட்டா காலியாவதற்குள் முடிந்தாக வேண்டும். முதல் வாய் குடித்ததும் அவள் சொல்வாள், இப்போதுதான் இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்கிறது என்று.

இவ்வளவு நல்லது செய்த காப்பி, மெல்ல வேறு வேலையும் காட்டத் தொடங்கியது. அவளுக்கு நெஞ்சு படபடத்தது. படுத்தால் தூக்கம் வராமல், கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மாஸ்டர் பிடிவாதமாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் இதயத்தைச் சோதித்துவிட்டுப் பழுதில்லை என்றார். காப்பிதான் அளவு மீறிப்போகிறது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள், சட்டென்று நிறுத்தாதீர்கள் என்றார்.

குறைக்க வேண்டும் என்பது மாஸ்டர் காதில் நன்றாக விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக என்பது விழவில்லை. விழுந்திருந்தாலும் அந்தக் கைக்கு அது புரிந்திருக்காது.

வீட்டுக்கு வரும் வழியிலேயே அவள் தீர்த்துச் சொல்லிவிட்டாள், காப்பியில் கைவைத்தால் அடுப்படியை உங்கள் தலையில் கட்டிவிட்டு நான் மேலேயே குடியிருந்துகொள்வேன் என்று. வாதாடிப் பயனில்லை என்று மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். மறுநாள் பெரிய கடைக்குப் போய், உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வாங்குகிற தூள் ஒன்றை வாங்கிவந்தார். நிறம் காப்பி, மணம் காப்பி, கசப்பும் காப்பி. ஆளை உசுப்புகிற வீரியத்தை மட்டும் உருவியிருப்பார்கள். டப்பாவில் இருந்த பழைய தூளைக் கொட்டிவிட்டு இதை நிரப்பினார். சந்தேகம் வராமலிருக்க அவரும் அதையேதான் குடித்தார்.

முதல் நாள் அவள் முகத்தைச் சுளித்து, பால் மாறிவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

அடுத்தடுத்த நாட்களில் மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரே பூரிப்பு. அவள் பொழுது சாய்ந்ததும் படுத்தாள், படுத்ததும் தூங்கினாள். குரல் தணிந்து பேசினாள். எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்குப் போன் போடுகிறவள், தினமும் கூப்பிட்டு, சாப்பிட்டாயா, குழந்தை என்ன செய்கிறது என்று நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாயா, படபடப்பு போனதும் மனுஷி எப்படி மாறிவிட்டாள் என்று மாஸ்டர் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார்.

அவள் தலைக்குள் நடந்ததை அவர் பார்க்கவில்லை. மண்டையின் இரு பக்கமும் யாரோ திருகாணியை முடுக்குகிற மாதிரி வலி. கண் இமை இரும்புக் கதவாய்க் கனத்தது. கூண்டுக்குள் உட்கார்ந்து கீழே பார்த்தால் மனிதர்கள் ஒரு கணம் தெரிந்தார்கள், ஒரு கணம் கலங்கினார்கள். அவளுடைய கூடப்பிறந்த அக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. தலைவலி தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தவள், ஒரு காலையில் குளியலறைக்குப் போய் விழுந்தாள். பிறகு எழவில்லை.

தனக்கும் அதுதான் வந்துவிட்டது என்று இவள் முடிவு கட்டிக்கொண்டாள். வாயைத் திறந்து சொல்லவில்லை. புருஷனிடம் சொன்னால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வேலையிடத்தில் சொன்னால் அந்த நிமிடமே கீழே இறக்கிவிடுவார்கள். தலைசுற்றல் என்று ஒருமுறை பெயர் வாங்கியவளை மறுபடி ஏற்றுவார்களா என்பது யார் கையிலோ. அந்தக் கூண்டை வாங்க அவள் எத்தனை பேருடைய சிரிப்பைத் தாண்டி வந்திருக்கிறாள் தெரியுமா? படிக்கட்டுகளை எல்லாம் உட்காரவைத்து முடித்துவிட்டால் போதும், பிறகு பார்க்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

படிக்கட்டு என்றால், கான்கிரீட்டில் முழுசாக வார்த்துக் கொண்டுவருவது. யானைக் கனம். அதைத் தூக்கி, கட்டடத்துக்கு நடுவில் கிணறு மாதிரி விட்டிருக்கிற பள்ளத்துக்குள் இறக்கி, கம்பிகளின் மேல் பொருத்த வேண்டும். பள்ளத்துக்குள் என்ன நடக்கிறது என்று கூண்டிலிருந்து தெரியாது. குருட்டு இறக்கம். அதற்கு ஒரு முறை இருக்கிறது. கீழே நிற்கும் சிக்னல்காரன் வாக்கிடாக்கியில் விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பான்: இறக்கு, இறக்கு, இறக்கு. அந்தக் குரல் நின்றால் கிரேனும் நிற்க வேண்டும். கனம் தொங்கும்போது அந்த ஒரே குரல்தான் அவள் காதில் விழலாம். வேறு யார், எதற்காகவும், வாய் திறக்கக் கூடாது.

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனுக்குக் கைகாட்டி என்று பெயர். மற்ற நேரமெல்லாம் வாங்கக்கா போங்கக்கா என்று குழைகிறவன், வாக்கிடாக்கியைப் பிடித்தால் மட்டும் மரியாதையை மடித்துப் பையில் வைத்துக்கொள்வான்.

அன்று காலை கடையில் மாஸ்டர் ஒரு கோட்டுத் துணியை விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று நாளாக அவருக்கும் தலை விண்விண்ணென்று தெறித்தது. கண்ணாடி மாற்ற வேண்டிய வயது என்று நினைத்துக்கொண்டார். கத்திரி ஓடியது. ஓடி முடித்த பிறகு பார்த்தால், கோடு ஒரு பக்கம் இருக்கிறது, வெட்டு ஒரு பக்கம் இருக்கிறது. கத்திரி கோட்டைவிட்டு விலகியபோது தன் கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதே அவருக்கு நினைவில்லை.

பக்கத்தில் பொத்தான் துளைகளுக்கு நூல் கட்டிக்கொண்டிருந்த காஜாக்கா எட்டிப் பார்த்தாள். மாஸ்டர் வெட்டு தப்பி அவள் பார்த்ததே இல்லை. உடம்புக்கு என்ன என்று கேட்டாள். தலைவலி, தூக்கக் கிறக்கம், எதைப் பார்த்தாலும் எரிச்சல் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் ஊசியைத் துணியில் குத்திவைத்தாள்.

"காப்பியை விட்டுட்டீங்களா அண்ணே?"

மாஸ்டர் கத்திரியைக் கீழே வைத்தார்.

"பெரியவனை உண்டாகியிருந்தப்ப நான் ஒரேடியா விட்டேன். மண்டையில ஆணி அடிச்ச மாதிரி ஒரு வாரம். நின்னுக்கிட்டே தூங்கியிருக்கேன். அடுப்புல கைய வச்சதுகூடச் சுட்ட பிறகுதான் தெரிஞ்சுது."

மாஸ்டர் மேசையைப் பார்த்தார். கோணலாகப் போன வெட்டைப் பார்த்தார். என் கையில் இருந்தது துணி, அவள் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது.

போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அடிக்கத்தான் செய்யும். மேலே ஏறுகிறவர்களின் போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். அளவு நாடா கழுத்தில் தொங்கத் தொங்க ஓடிப்போய் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார். பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை ஏற்றிக்கொண்டு, சில்லறை கொடுத்துக்கொண்டு, ஆற அமரப் போயிற்று. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோதுதான் மகளுக்குப் போன தினசரி போன்கள் அவருக்குப் புரிந்தன. அவளுடைய அக்காவின் ஞாபகம் வந்தது. ஐயோ, இவள் விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறாள், நான் குணமாகிறாள் என்று நினைத்தேனே என்று நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டார்.

வாசலில் இருந்த காவல்காரருக்கு அவரைத் தெரியும். முகத்தைப் பார்த்து ஒன்றும் கேட்காமல், தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்து உள்ளே விட்டார். மாஸ்டர் கம்பியும் பலகையும் தாண்டிக் கட்டடத்துக்குள் ஓடினார்.

பள்ளத்தின் விளிம்பில் கைகாட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் தலைக்கு மேலே, சங்கிலிகளில் தொங்கியபடி, ஒரு முழுப் படிக்கட்டு வானத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குள் ஆட்கள் அண்ணாந்து பார்த்துக் கை நீட்டியிருந்தார்கள்.

"இறக்கு. இறக்கு. இறக்கு."

"தம்பி, அவளை நிறுத்தச் சொல்லு. அவளுக்கு…"

கைகாட்டி அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையால் அவர் வாயைப் பொத்தினான். வலது கையில் வாக்கிடாக்கி. குரல் மாறவில்லை. இறக்கு, இறக்கு, இறக்கு.

மாஸ்டருக்கு விஷயம் விளங்கியது. இந்தக் குரல் அறுந்தால் அந்தக் கனம் ஆட்களின் தலைக்கு மேல் தொங்கும். இன்னொரு குரல் குறுக்கிட்டால் மேலே இருப்பவளின் கை திடுக்கிடும். அவரால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சும்மா நிற்பது. நின்றார். பொத்திய கை விலகிய பிறகும் வாயைத் திறக்கவில்லை. படிக்கட்டு விளிம்பைத் தாண்டியது. பள்ளத்துக்குள் நுழைந்தது. அதன் நிழல் கீழே இருந்தவர்களின் முகத்தில் ஏறியது.

"நிறுத்து."

நிற்கவில்லை.

"நிறுத்து, நிறுத்து."

நின்றது. ஆனால் நிற்க வேண்டிய இடத்தைவிட ஒரு சாண் கீழே. உள்ளே இருந்தவர்களில் ஒருவர் கையைச் சட்டென்று உருவிக்கொண்டார். கையுறை மட்டும் கான்கிரீட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டு தொங்கியது. அவர் தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது மாஸ்டருக்கு.

"அக்கா, கேக்குதா?"

சற்றுப் பொறுத்துத்தான் பதில் வந்தது. தூக்கத்தில் புரளுகிறவளின் குரல். "கேக்குது. கை கொஞ்சம் பிந்திப்போச்சு."

கைகாட்டி ஆட்களை மூலைக்கு ஒதுங்கச் சொன்னான். பிறகு அவளிடம், நான் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொல்லுங்கள் என்றான். அப்படி அவன் கேட்பது அதுதான் முதல் தடவை. தூக்கு என்றான், தூக்கு என்றாள். இறக்கு என்றான், இறக்கு என்றாள். கடைசியில் படிக்கட்டு கம்பிகளின் மேல் உட்கார்ந்தது. சங்கிலியைக் கழற்றினார்கள். கொக்கி வெறுமையாக மேலே போயிற்று.

அதற்குள் இன்ஜினீயரம்மா வந்துவிட்டார். என்ன நடந்தது என்று கேட்டார். கைகாட்டி ஒரு நொடி உசரத்தைப் பார்த்தான். காற்று மேடம், திடீரென்று அடித்துவிட்டது என்றான். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னான். அடுத்த படிக்கட்டு முற்றத்தில் சங்கிலி மாட்டித் தயாராகக் கிடந்தது.

இப்போது மாஸ்டர் பேசாமலிருந்தால் பழி காற்றோடு போய்விடும். அவள் கூண்டும் அவளுக்கே இருக்கும். அடுத்ததையும் அவள்தான் தூக்குவாள். பேசினால், அவள் ஆயுசெல்லாம் ஏறிச் சேர்ந்த இடத்திலிருந்து அவர் கையாலேயே இறக்கிவிட்டதாக ஆகும். மாட்டியிருந்த கையுறையை யாரோ குச்சியால் தள்ளி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்து இல்லீங்க," என்றார் மாஸ்டர். "நான்."

அவர் வாக்கிடாக்கிக்குக் கை நீட்டினார். கைகாட்டி இன்ஜினீயரம்மாவைப் பார்த்தான். அவர் தலையசைத்தார்.

"ஏம்மா, நான்தான் பேசுறேன். எதையும் தொடாதே."

"நீங்க எப்படி இங்க?"

"உனக்குத் தலை வலிக்குதா?"

அந்த வாக்கிடாக்கியில் பேசுவது வேலையிடத்தில் எல்லா மாடிக்கும் கேட்கும். அவளுக்கும் அது தெரியும். இல்லையே என்றாள்.

"பொய் சொல்லாதே. எனக்கும் வலிக்குது. தூளை மாத்திட்டேன். வீரியம் எடுத்த தூள். அன்னைக்குப் பால் மாறிடுச்சான்னு கேட்டியே, அன்னையிலேர்ந்து. அதனாலதான் இந்த வலி. உங்க அக்காவுக்கு வந்தது இல்லைம்மா இது. நான் ஊத்துனது."

கரகரவென்ற இரைச்சல் மட்டும் வந்தது. எங்கோ சுத்தியல் சத்தம்கூட நின்றுபோயிருந்தது.

"மாஸ்டரே," என்றாள் கடைசியில். "கீழ வந்து பேசிக்கிறேன்."

எந்த மாடியிலிருந்தோ ஒரு குரல் இடையில் புகுந்தது: "மாமா, அவங்க எறங்குறதுக்குள்ள ஊரைவிட்டே ஓடிடுங்க."

சிரிப்பு எழுந்து, வந்த வேகத்தில் அடங்கியது. காரணம், அவள் உடனே இறங்க முடியாது. ஏணியைக் குனிந்து பார்த்தால் சுற்றுகிறது என்று இப்போதுதான் உண்மையைச் சொன்னாள். இன்ஜினீயரம்மா கிரேனை அணைத்துவிட்டு அசையாமல் உட்காரச் சொன்னார். நிஜமாகவே காப்பிதான் காரணமா என்று மாஸ்டரைக் கேட்டார். நான் டாக்டர் இல்லை, என் தலையை வைத்துச் சொல்கிறேன் என்றார் அவர். அப்படியானால் முதலில் அதைக் கொடுத்துப் பார்ப்போம், ஆனால் டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உங்கள் மனைவி மேலே ஏறக் கூடாது என்றார் இன்ஜினீயரம்மா. கைகாட்டியின் முகம் தொங்கிப்போயிற்று.

கேன்டீன்காரர் தூளைக் கை நிறைய அள்ளிப் போட்டு, கறுப்பாக ஒரு பிளாஸ்க் நிரப்பிக் கொடுத்தார். கருவிகளை ஏற்றுகிற பையில் வைத்து, கயிற்றைக் கைகாட்டி இழுத்தான். பிளாஸ்க் காற்றில் ஆடி ஆடி மேலே போனதை எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு காத்திருப்பு. காப்பி என்ன மந்திரமா, குடித்தவுடன் தெளிய? மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், சுற்றினார். தன் பங்குக்கு யாரோ நீட்டிய காப்பியை வேண்டாம் என்றார்.

பார்வை தெளிகிறது, இறங்குகிறேன் என்று குரல் வந்தது. ஏணியில் ஒரு கால் தெரிந்தது. அந்தக் கால் ஒவ்வொரு படியாகத் தேடித் தேடி ஊன்றுவதை மாஸ்டர் பார்த்துக்கொண்டே நின்றார். இடையில் ஒருமுறை அவள் நின்று, கம்பியில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள். அவர் ஓடப் போனார். கைகாட்டி தோளைப் பிடித்து நிறுத்தினான். கூப்பிடாதீங்க மாமா, அவங்க கவனமெல்லாம் படியில இருக்கு என்றான்.

தரையில் கால் பட்டதும் அவள் நேராக அவரிடம் வந்தாள். ஏச்சுக்கும் பேச்சுக்கும் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்களும் அதையேதான் குடிச்சீங்களா?"

"ஒரே பாத்திரம்தானே."

அவள் அவருடைய நெற்றியில் விரலை வைத்து, நரம்பு தெறிப்பதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு சொன்னாள்:

"செத்துருவேன்னு நெனச்சேன். நம்ம பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, தெனமும் போன் போட்டு, குழந்தை சாப்பிட்டுச்சான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

மாஸ்டர் அவளை அங்கிருந்தே நேராக டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

டாக்டர் தலையையும் சோதித்தார். அக்காவின் கதையைக் கேட்டுவிட்டு இன்னும் நுணுக்கமாகவும் சோதித்தார். ஒன்றும் இல்லை. மாஸ்டருக்கு மட்டும் தனியாக ஒரு பாட்டு விழுந்தது; அது நமக்கு வேண்டாம். அந்த நாட்களில் உசரக்கா தரையில் நின்று சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தாள். தன் கிரேனை வேறொருவர் ஓட்டுவதைக் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோடும் பேச்சில்லை. வீட்டிலும் இல்லை. பிறகு ஒருநாள் இன்ஜினீயரம்மா கூப்பிட்டு, ஏறிக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் இனி உடம்புக்கு என்ன என்றாலும் ஏறுவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், காற்று என்று யாரும் எனக்குச் சொல்லக் கூடாது என்றார். கைகாட்டி தரையைப் பார்த்துக்கொண்டான்.

அன்றிலிருந்து வீட்டில் காப்பி போடுவது அவள். அடுப்படி வாசலைத் தாண்டி மாஸ்டர் வரக் கூடாது. குறைக்கிறாள் என்பது மட்டும் தெரிகிறது. இரண்டாவது லோட்டா சிறிதாகிவிட்டது, படபடப்பும் முன்பு போல இல்லை, தூக்கம் வருகிறது. எந்தத் தூளில் எது எவ்வளவு கலக்கிறாள் என்பது அவளுக்கும் டப்பாவுக்கும்தான் வெளிச்சம்.

இன்று காலையும் அவர் கையில் லோட்டாவைக் கொடுத்துவிட்டு எதிரே நின்றாள். மாஸ்டர் முகர்ந்து பார்த்தார். மணம் காப்பி, நிறம் காப்பி. கேட்க நாக்கு வரை வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியை விழுங்கிவிட்டு, காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

கடைக்குப் போனதும் ஒரு புதுத் துணியை விரித்தார். கோடு போட்டார். கத்திரியை எடுப்பதற்கு முன்னால், வெறுங்கையை மேசைக்கு மேலே நீட்டி, விரல்கள் என்ன செய்கின்றன என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.